குடிவந்தவங்களும் ஊர்க்காரங்களும்: அந்த முறைப்பு எங்க இருந்து வருது?

ஜப்பான்ல ஃபுக்குய் மாகாணத்துல இகேதான்னு ஒரு மலை ஊர் இருக்கு, மொத்தமே ரெண்டாயிரத்து சொச்சம் பேர்தான், குளிர்காலம் வந்தா பனி கொட்டு கொட்டுன்னு கொட்டும். 2023 ஜனவரியில அந்த ஊர் நிர்வாகத்தோட செய்தி மடல்ல ஏழு பாயிண்ட் போட்டு ஒரு லிஸ்ட் வந்துச்சு, வெளிய இருந்து இங்க குடிவர்றவங்க எப்படி இருக்கணும்னு. ஊர் வேலைக்கு வரணும், நகரத்து பழக்கத்த இங்க வந்து திணிக்கக்கூடாது, இதெல்லாம் கூட பரவால்ல, இன்னொரு பாயிண்ட் இருந்துச்சு பாருங்க: உங்கள நிறைய பேர் கவனிச்சிட்டு இருப்பாங்க, எடை போட்டுட்டு இருப்பாங்க, அத தெரிஞ்சிக்கிட்டு வாங்கன்னு. அவ்ளோதான், இணையத்துல கொதிச்சிட்டாங்க. ஆள் இல்லாம ஊரே காலியாகிட்டு இருக்கு, இதுல வர்றவங்களுக்கு கண்டிஷன் வேறயான்னு ஒரே திட்டு.

எனக்கு என்னமோ அந்த ஊர்க்காரங்க மேல பெருசா கோபம் வரல. இந்த மாதிரி ஒரு லிஸ்ட் இல்லாத கிராமம் இருக்கும்னு எனக்கு தோணல, என்ன, மத்த இடத்துல யாரும் எழுதி வெக்க மாட்டாங்க, ஒண்ண மீறின அப்புறம்தான் அப்படி ஒரு ரூல் இருந்ததே நமக்கு தெரியவரும். அப்பவும் யாரும் வந்து சண்டை போட மாட்டாங்க. பேச்சு கொஞ்சம் சுருங்கும், கூப்பிட வேண்டிய விஷயத்துக்கு கூப்பிட மாட்டாங்க. இவங்க அத அச்சுல போட்டுட்டாங்க, அது ஒரு வகைல நேர்மைன்னே சொல்லுவேன்.

அமெரிக்காவுல இதே வேலைய வேற தொனியில பண்ணிருக்காங்க. கொலராடோ மாநிலத்துல லாரிமர் கவுண்டின்னு நம்ம மாவட்டம் மாதிரி ஒரு பகுதி, அங்க கமிஷனரா இருந்த ஜான் கிளார்க் 1990கள்ல ஒரு கையேடு எழுதினார். நாட்டுப்புறத்துல நிலம் வாங்குற முன்னாடி தெரிஞ்சிக்கோங்கன்னு வரிசையா சொல்லிருப்பார், ஆம்புலன்ஸ் வர நேரம் ஆகும், எல்லா ரோட்டுலயும் பனி அள்ள ஆள் வர மாட்டாங்க, விவசாயம் நடக்குற இடத்துல தூசியும் நாத்தமும் ராத்திரி மெஷின் சத்தமும் இருக்கும்னு. அது ரொம்ப பிரபலமாகி மத்த கவுண்டிகளும் எடுத்து அவங்க பேர் போட்டு வெச்சிக்கிட்டாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தா வித்தியாசம் தெரியும். கொலராடோ கையேடு சொல்றது உங்களுக்கு என்னென்ன கிடைக்காதுங்கறத. இகேதா லிஸ்ட் சொல்றது நீங்க எங்களுக்கு என்னென்ன குடுக்கணும்ங்கறத. ஊர்க்காரங்க மனசுல ஓடுறது பெரும்பாலும் இந்த ரெண்டாவதுதான், வெளிய சொல்றது முதல் ரகம்.

இந்த குடிபெயர்வு ஒண்ணும் கொரோனாவுக்கு அப்புறம் வந்த புதுசு இல்ல. 2020ல வீட்டுல இருந்தே வேலைன்னு ஆனதும் லேப்டாப்ப தூக்கிட்டு மலைக்கும் கடலோரத்துக்கும் போனவங்க நிறைய, அதனால பேச்சு அதிகமாச்சு, அவ்ளோதான். அமெரிக்க விவசாயத் துறையில மக்கள்தொகை ஆய்வாளரா இருந்த கால்வின் பீல் 1970கள்லயே இத கவனிச்சு எழுதினார், பல பத்தாண்டா கிராமத்துல இருந்து நகரத்துக்கு மட்டுமே ஓடிட்டு இருந்த ஜனம் திரும்பி வர ஆரம்பிச்சு, நகரம் சாராத பகுதிகள் நகரப் பகுதிகள விட வேகமா வளருதுன்னு. 80கள்ல அது மறுபடி திரும்பிருச்சு, 90கள்ல திரும்ப வந்துச்சு. அலை மாதிரி வந்து வந்து போற விஷயம், இத ஊர்ல இருக்குற வயசானவங்க எல்லாருக்கும் தெரியும், அதனாலதான் புதுசா ஒரு குடும்பம் வந்து இறங்கும்போது அவங்க முதல்ல கேக்குறது எங்க இருந்து வர்றீங்கன்னு இல்ல, எத்தன நாள் இருப்பீங்கன்னுதான். நேரா கேக்க மாட்டாங்க. சொந்த வீடா வாடகையா, பசங்க எங்க படிக்கிறாங்கன்னு சுத்தி வளைச்சு கேப்பாங்க.

வெளியூர்க்காரங்கன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டாலும் வர்றவங்க ஒரே ரகம் கிடையாது. ரிட்டயர் ஆனவங்க, ஆன்லைன்ல வேலை பாக்குறவங்க, லீவுக்கு மட்டும் வந்து போக வீடு வாங்குறவங்க, இயற்கை விவசாயம்னு கனவோட வர்றவங்க, அகதிகளா கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவங்க, அப்புறம் அங்கயே பொறந்து வெளிய போய் இருபது வருஷம் கழிச்சு திரும்பி வர்றவங்க. இதுல கடைசி ஆளுங்க நிலைமைதான் விசித்திரம், அவங்க தங்கள ஊர்க்காரங்கன்னு நெனச்சிட்டு வருவாங்க, ஊரு அப்படி நெனச்சிருக்காது.

சரி, ஊர்க்காரங்களுக்கு ஏன் அப்படி ஒரு இது. படிக்காத ஜனம், குறுகின மனசு, வெளியாள பாத்தா பயம் அப்படின்னு ஈஸியா சொல்லிட்டு போயிரலாம், நகரத்துல இருந்து எழுதுறவங்க நிறைய பேர் அப்படித்தான் முடிக்கிறாங்க. ஆனா 1965ல நோர்பெர்ட் எலியாஸ், ஜான் ஸ்காட்சன்னு ரெண்டு பேர் வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு, இங்கிலாந்துல லெஸ்டர் நகரத்துக்கு பக்கத்துல ஒரு குடியிருப்ப பத்தினது. அது கிராமம் கூட இல்ல. அங்க பழைய குடிங்களும் புதுசா வந்தவங்களும் ஒரே இனம், ஒரே மொழி, கிட்டத்தட்ட ஒரே மாதிரி தொழிலாளர் குடும்பங்க. ஒரே ஒரு வித்தியாசம், யாரு முன்னாடி வந்தாங்கங்கறது. அதுக்கே பழைய ஆளுங்க புது ஆளுங்கள ஒதுக்கி வெச்சு, அவங்க சுத்தம் இல்லாதவங்க, ஒழுக்கம் இல்லாதவங்கன்னு பேசி பேசியே ஒரு முத்திரைய குத்திட்டாங்க. எலியாஸ் கவனிச்சது என்னன்னா, பழைய ஆளுங்க தங்கள பத்தி பேசும்போது தங்கள்ல இருக்குற நல்ல நாலு பேர வெச்சு பேசுவாங்க, புதுசா வந்தவங்கள பத்தி பேசும்போது அவங்கள்ல இருக்குற மோசமான நாலு பேர வெச்சு பேசுவாங்க. பழையவங்களுக்கு ஒருத்தர ஒருத்தர் தெரியும், கிளப் கமிட்டி எல்லாம் அவங்க கையில, அதனால அவங்க பேச்சு எடுபடும், புதுசா வந்தவங்களுக்கு தங்களுக்குள்ளயே பழக்கம் இல்ல, திருப்பி பேச ஆள் இல்ல.

இத ஏன் சொல்றேன்னா, இனம் மொழி பணம் எதுவுமே வித்தியாசம் இல்லாத இடத்துல கூட இந்த முறைப்பு வரும்ங்கறப்ப, அதோட பணமும் மொழியும் சேந்துச்சுன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சு பாருங்க.

பணத்துக்கு வருவோம், ஏன்னா இதுலதான் உண்மையான காயம். சின்ன ஊர்ல வருஷத்துக்கு விக்கிற வீடே ரெண்டோ மூணோதான் இருக்கும். அந்த மூணையும் வெளிய நகரத்து சம்பளம் வாங்குற ஆளுங்க வந்து அதிக விலைக்கு வாங்கிட்டா, அந்த மூணு வீட்டு விலைதான் மொத்த ஊரோட விலையா மாறிடும். நூறு வீட்டுல தொண்ணூத்தேழு வீட்டுல எதுவுமே மாறல, ஆனா அந்த ஊர்ல கல்யாணம் ஆகி தனிக்குடித்தனம் போக நினைக்குற பையனுக்கு எல்லாமே மாறிடுச்சு. சரி வீட்டு மதிப்பு ஏறிடுச்சே சந்தோஷம்தானன்னு கேக்கலாம், வித்துட்டு போறவனுக்குதான் அது லாபம், விக்காம அங்கயே இருக்கறவனுக்கு சொத்து வரி மார்க்கெட் மதிப்புல கணக்கு போடுற இடமா இருந்தா வரி மட்டும்தான் ஏறும், வருமானம் பழைய வருமானம்தான். அதுலயும் லீவுக்கு மட்டும் வர்ற வீடுங்கன்னா வருஷத்துல பாதி நாள் விளக்கு எரியாது, அந்த வீட்டுல இருந்து ஸ்கூலுக்கு ஒரு குழந்தை போகாது, பஸ்சுக்கு ஒரு டிக்கெட் கிடையாது.

பிரிட்டன்ல இங்கிலாந்துக்கு மேற்குல இருக்குற வேல்ஸ்ல இது எங்க போய் முடிஞ்சுதுன்னா தீ வெக்கிற அளவுக்கு போச்சு. 1979 டிசம்பர்ல ஆரம்பிச்சு 90களோட தொடக்கம் வரைக்கும் மெய்பியோன் க்ளிந்தூர்ங்கற பேர்ல ஒரு ரகசிய குழு, இங்கிலாந்துக்காரங்க வாங்கி பூட்டி வெச்சிருந்த விடுமுறை வீடுங்கள 200க்கும் மேல கொளுத்தினாங்க, பெரும்பாலான கேஸ்ல யாருமே பிடிபடல. அங்க வீட்டு விலை மட்டும் இல்ல விஷயம், வெல்ஷ் மொழி. 2021 கணக்கெடுப்புல வேல்ஸ் மொத்தத்துல வெல்ஷ் பேசறவங்க 17.8 சதவீதம்தான், ஆனா வடமேற்குல இருக்குற குவினெத் பகுதியில மட்டும் 64 சதவீதத்துக்கு மேல. அந்த மாதிரி ஒரு ஊர்ல நாலு வீடு கைமாறினா போதும், கடையில, ஊர் கூட்டத்துல பேசுற மொழி மாறிடும், ஏன்னா ஒருத்தருக்கு புரியலன்னா எல்லாரும் மரியாதைக்கு இங்கிலீஷுக்கு போயிருவாங்க. யாரும் மொழிய அழிக்கணும்னு வரல, மரியாதையாலயே அழியுது. தீ வெச்சத நியாயப்படுத்த ஒண்ணும் இல்ல, ஆனா அரசாங்கம் பின்னாடி எடுத்த வழி பாருங்க: ரெண்டாவது வீடு வெச்சிருக்கவங்களுக்கு உள்ளூர் வரிய கூட்டலாம்னு சட்டம் போட்டாங்க, 2017ல இருந்து ரெண்டு மடங்கு வரைக்கும் வாங்கலாம்னு இருந்துச்சு, 2023 ஏப்ரல்ல இருந்து நாலு மடங்கு வரைக்கும் போலாம்னு ஆக்கிட்டாங்க. குவினெத்ல 2024 செப்டம்பர்ல, குடியிருக்குற வீட்ட விடுமுறை வீடா மாத்தவே பிளானிங் பெர்மிஷன் வேணும்னு ஒரு விதி கொண்டுவந்தாங்க.

ஆனா இந்த மாதிரி தடைங்க நெனச்ச மாதிரி வேலை செய்யும்னும் சொல்ல முடியாது. இங்கிலாந்தோட தென்மேற்கு மூலையில கார்ன்வால்ல செயின்ட் ஐவ்ஸ் ஊர்ல 2016 மே மாசம் ஓட்டெடுப்பு வெச்சு, இனிமே கட்டுற புது வீட்ட நிரந்தரமா குடியிருக்கறவங்களுக்கு மட்டும்தான் குடுக்கணும்னு 83 சதவீதம் பேர் ஓட்டு போட்டாங்க. சரின்னு பாத்தா, வெளியூர் பணக்காரங்க புது வீட்ட விட்டுட்டு பழைய வீடுங்க பக்கம் திரும்பிட்டாங்க, பில்டர்களுக்கும் அங்க கட்டுற ஆர்வம் கொறஞ்சுது. சுவிட்சர்லாந்து கதை இன்னும் சுவாரசியம். 2012 மார்ச்ல நாடு முழுக்க ஓட்டெடுப்பு, எந்த ஊராட்சியிலயும் ரெண்டாவது வீடுங்க 20 சதவீதத்த தாண்டக்கூடாதுன்னு, 50.6 சதவீதத்துல மயிரிழையில ஜெயிச்சுது. யாரு வேணும்னு சொன்னாங்கன்னா பெரும்பாலும் சமவெளியில நகரத்துல இருக்கறவங்க. மலை மாநிலமான வலேல, அதாவது எந்த ஊர்க்காரங்கள காப்பாத்துறோம்னு சொன்னாங்களோ அவங்க இருக்குற இடத்துல, முக்காவாசி பேர் வேண்டாம்னு போட்டாங்க. ஏன்னா கொத்தனார் வேலை, தச்சு வேலை, எலக்ட்ரீஷியன் வேலை எல்லாம் அந்த விடுமுறை வீடுங்கள நம்பிதான். தாத்தா விட்டுட்டு போன நிலத்த நல்ல விலைக்கு விக்கலாம்னு இருந்தவங்களும் அங்கதான்.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும், ஊர்க்காரங்கன்னு நாம பேசறப்ப அது என்னமோ ஒரே குரல்ல பேசுற கூட்டம் மாதிரி ஆயிடுது. வெளியாளுக்கு நிலத்த வித்தவனும் ஊர்க்காரன்தான், வித்துட்டானேன்னு வயிறெரியறவனும் ஊர்க்காரன்தான், சில நேரம் ரெண்டும் அண்ணன் தம்பி. அண்ணன் மேல இருக்குற கோபத்த அண்ணன்கிட்ட காட்ட முடியாது, வாங்கின ஆள்கிட்ட காட்டிரலாம். வந்தவங்க மேல விழுற முறைப்புல பாதி இப்படி வேற யாருக்கோ போக வேண்டியதுன்னு எனக்கு தோணும்.

பணத்துக்கு அடுத்தது வேலை, சம்பளம் இல்லாத வேலை. தொலைவுல இருக்குற ஊர்ல அரசாங்கம் கைக்கு எட்டுற தூரத்துல இருக்காது, அதனால ஊரே சேந்து சில விஷயத்த பண்ணிக்கிட்டே இருக்கும். வாய்க்கால் தூர் வாருறது, பாதைய வெட்டி விடுறது, தீப்பிடிச்சா அணைக்க ஓடுறது. அமெரிக்காவுல தீயணைப்பு வீரர்கள்ல பெரும்பாலானவங்க இன்னைக்கும் தன்னார்வலர்கள்தான், சின்ன ஊர்கள்ல கேக்கவே வேணாம், கிட்டத்தட்ட முழுக்க அவங்கதான். வெளிய இருந்து வந்தவங்களுக்கு இது கண்ணுக்கே தெரியாது, வரி கட்டுறோம் யாரோ பாத்துக்குவாங்கன்னு இருப்பாங்க, அந்த யாரோங்கறது பக்கத்து வீட்டு அறுவது வயசுக்காரர்னு அவங்களுக்கு தெரியாது. திமிர்ல பண்றது இல்ல, உண்மையிலயே தெரியாம பண்றது, ஆனா பாக்குறவங்களுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இங்கதான் எனக்கு மொத்த விஷயத்தோட முடிச்சு இருக்குன்னு படுது. ஊர்க்காரங்க மனசுல வந்தவங்கள பத்தி ஓடுற கேள்வி, நீ எங்கள மாதிரி இருக்கியாங்கறது இல்ல, உனக்கு நாங்க தேவைப்படுறமாங்கறது. பழைய காலத்துல வெளிய இருந்து வந்து குடியேறினவனுக்கும் ஊர் தேவைப்பட்டுச்சு, தண்ணிக்கு, வேலைக்கு, கடனுக்கு, சாவுக்கு தூக்க நாலு பேருக்கு. தேவை இருந்ததால சண்டை போட்டாலும் திரும்ப பேசியே ஆகணும். இப்ப வர்றவங்களுக்கு சம்பளம் வெளிய இருந்து வருது, சாமான் பார்சல்ல வருது, நட்பு போன்ல இருக்கு, ஊர்கிட்ட வேண்டியது காத்தும் காட்சியும் மட்டும்தான். இத்தனைக்கும் அவங்க நல்ல மனுஷங்களா, சிரிச்சு பேசறவங்களா, நன்கொடை குடுக்குறவங்களா இருப்பாங்க. ஆனா நம்மள தேவைப்படாத ஒருத்தர் நம்ம நடுவுல இருக்கறது ஒரு மாதிரி உறுத்தும், நன்கொடை வாங்க வாங்க அந்த உறுத்தல் கூடத்தான் செய்யும்.

இதுக்கு நேர் எதிர் உதாரணம் ஸ்காட்லாந்துல எக்ங்கற சின்ன தீவு. பல காலமா தனியார் முதலாளிங்க கையில இருந்த அந்த தீவ 1997 ஜூன்ல அங்க குடியிருக்கறவங்க, ஒரு இயற்கை பாதுகாப்பு அமைப்பு, அந்த வட்டார உள்ளாட்சியான ஹைலாண்ட் கவுன்சில் மூணும் சேந்த ஒரு டிரஸ்ட் விலைக்கு வாங்குச்சு. அப்ப அங்க அறுபத்தஞ்சு பேர் பக்கம்தான் இருந்தாங்க, இப்ப நூத்த தாண்டிருச்சு, புதுசா வந்தவங்களும் நிறைய, வெளிய போய் திரும்பினவங்களும் இருக்காங்க. 2008 பிப்ரவரியில தண்ணி, காத்து, வெயில் மூணையும் வெச்சு தீவுக்குன்னு சொந்தமா ஒரு மின் அமைப்பு போட்டாங்க, அதுக்கு முன்னாடி வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர்தான். இதுல ஒரு ரூல், எந்த வீடா இருந்தாலும் ஒரே நேரத்துல 5 கிலோவாட்டுக்கு மேல இழுக்கக்கூடாது, தாண்டினா கரண்ட் கட் ஆகும், பராமரிப்பு பாக்குற ஆள் வந்துதான் திரும்ப போடணும். அந்த ஆளும் தீவுக்காரர்தான். நேத்து வந்தவனுக்கும் அதே 5 கிலோவாட், அங்கயே பொறந்து வளந்தவனுக்கும் அதே 5 கிலோவாட். யாரு கெட்டிலும் வாஷிங் மெஷினும் ஹீட்டரும் ஒண்ணா போட்டாங்கன்னு ஊருக்கே தெரிஞ்சிரும், கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கும், ஆனா அந்த வெக்கம்தான் ஒருத்தர ஊர்க்குள்ள இழுத்து விடுது. சிரிச்ச முகமா வரவேற்பு குடுக்குற விழாவுல நடக்காதது இதுல நடக்கும்.

சத்தம் நாத்தம் பஞ்சாயத்த பத்தி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதனால சுருக்கமா. பிரான்ஸ்ல ஒலெரோன் தீவுல மொரீஸ்னு ஒரு சேவல், விடுமுறை வீடு வெச்சிருந்த பக்கத்து வீட்டுக்காரங்க அது விடியக்காலைல கூவுதுன்னு கேஸ் போட்டாங்க, 2019 செப்டம்பர்ல ரோஷ்ஃபோர் கோர்ட்டு சேவல் பக்கம் தீர்ப்பு சொல்லி வழக்கு போட்டவங்கள நஷ்ட ஈடு கட்ட சொல்லிருச்சு. 2021 ஜனவரியில கிராமத்து சத்தம், வாசனை எல்லாமே அந்த இடத்தோட பாரம்பரியம்னு சட்டமே வந்துருச்சு. அமெரிக்காவுல இதே காரணத்துக்காக 1970களோட கடைசியில இருந்து ஒவ்வொரு மாநிலமா விவசாயம் பண்ற உரிமை சட்டம் போட்டு, இப்ப 50 மாநிலத்துலயும் இருக்கு. பத்திரிகைங்களுக்கு சேவல் கதை ரொம்ப புடிச்சுது. ஆனா சேவல விட முக்கியமானது பாதை. வழி வழியா எல்லாரும் நடந்துட்டு இருந்த ஒத்தையடிப் பாதை ஒருத்தர் நிலத்துக்குள்ள போகும், பத்திரத்துல அது இருக்காது, நிலம் கைமாறினதும் புதுசா வந்தவர் பத்திரத்த பாப்பார், வேலி போடுவார். சட்டப்படி அவர் பக்கம் தப்பே இல்லாம கூட இருக்கலாம். அவருக்கு அது ஒரு வேலி, ஊருக்கு அது ஒரு அறிவிப்பு.

1960கள்லயே ரே பால்ங்கற சமூகவியல் ஆய்வாளர் லண்டனுக்கு பக்கத்துல ஹார்ட்ஃபோர்ட்ஷர் கிராமங்கள்ல இத பாத்து எழுதிருக்கார், நகரத்துல இருந்து வர்றவங்க ஒரு கிராமத்த மனசுக்குள்ள ஏற்கனவே கட்டிக்கிட்டுதான் வர்றாங்க, அது இல்லன்னதும் இருக்கற கிராமத்த அது மாதிரி ஆக்கப் பாக்குறாங்கன்னு. அதனாலதான் சில ஊர்ல பழைய குடிங்க தொழிற்சாலை வரட்டும் நாலு பேருக்கு வேலை கிடைக்கும்ங்கறப்ப, போன வருஷம் வந்தவங்க கொடி புடிச்சு அழகு கெட்டுரும்பாங்க. கடைசியா உள்ள வந்தவங்கதான் கதவ சாத்துறதுல முதல்ல நிப்பாங்கன்னு ஒரு பேச்சே உண்டு. இதுவும் முழு உண்மை கிடையாது, ராக்கி மலைப் பகுதி ஊர்கள்ல 2000 வாக்குல நடந்த ஒரு ஆய்வுல, சுற்றுச்சூழல் அக்கறையில பழையவங்களுக்கும் புதியவங்களுக்கும் எதிர்பார்த்த அளவு வித்தியாசமே இல்ல, சொல்லப்போனா வளர்ச்சிய கட்டுப்படுத்தணும்ங்கறதுல பழைய ஆளுங்கதான் கூடுதல் தீவிரமா இருந்தாங்க. ஆக கொள்கை சண்டைன்னு வெளிய தெரியறது பல நேரம் கொள்கை சண்டையே இல்ல, யாரு முடிவு பண்றதுங்கற சண்டை.

அது உச்சத்துக்கு போன கதை நம்ம ஆளுங்களுக்கு தெரிஞ்சதுதான். 1981ல ரஜ்னீஷ், அதாவது ஓஷோ சாமியாரோட ஆளுங்க அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல 64,000 ஏக்கர் பண்ணைய வாங்கினாங்க. பக்கத்துல ஆன்டிலோப்னு நாப்பது அம்பது பேர் இருந்த ஒரு சின்ன ஊர். கொஞ்சம் கொஞ்சமா அங்க வீடு வாங்கி, ஓட்டு போட்டு, ஊர் கவுன்சில பிடிச்சு, ஊர் பேரையே ரஜ்னீஷ்னு மாத்திட்டாங்க. 1984ல பக்கத்து டவுன்ல பத்து ரெஸ்டாரன்ட்ல சால்மொனெல்லா கிருமிய கலந்து 751 பேருக்கு உடம்பு சரியில்லாம போனது வரைக்கும் போச்சு, கவுண்டி தேர்தல்ல எதிராளிங்க ஓட்டு போட வராம இருக்கணும்னு. 1985ல எல்லாம் சரிஞ்சு விழுந்து ஊர் பேரு திரும்ப ஆன்டிலோப் ஆச்சு. இது அபூர்வமான கேஸ்தான், எல்லா புதுசா வர்றவங்களையும் இதோட சேத்து பேசுறது அநியாயம். ஆனா நாப்பது ஓட்டு இருக்குற ஊர்ல இருபது புது ஓட்டு வந்தா என்ன ஆகும்னு அந்த ஊர்க்காரங்க மனசுல ஓடுற கணக்கு கற்பனை இல்ல. நகரத்துல இருக்கற நமக்கு பக்கத்து தெருவுல இருபது குடும்பம் வந்தா எதுவுமே மாறாது, அதனால அந்த பயம் நமக்கு புரியறது கஷ்டம்.

சில இடத்துல இந்த கணக்க சட்டமாவே எழுதி வெச்சிருக்காங்க. பின்லாந்தோட ஓலாந்து தீவுகள்ல அந்த பகுதிக்குன்னு தனி குடியுரிமை இருக்கு, அது இல்லாம நிலம் வாங்குறதுலயும் உள்ளூர் தேர்தல்லயும் கட்டுப்பாடு, வெளிய இருந்து வந்தவங்க அஞ்சு வருஷம் இருந்து ஸ்வீடிஷ் மொழியும் தெரிஞ்சிருந்தாதான் கிடைக்கும். ஹிமாச்சலப் பிரதேசத்துல விவசாயி இல்லாதவங்க நிலம் வாங்கணும்னா 1972 சட்டத்தோட 118வது பிரிவுப்படி அரசாங்க அனுமதி வேணும். நார்வேல சில உள்ளாட்சிகள் இந்த வீட்டுல வருஷம் முழுக்க ஆள் இருந்தே ஆகணும்னு நிபந்தனை போடலாம். எனக்கு இதுல நார்வே வழி பிடிச்சிருக்கு, நீ யாருன்னு கேக்கல, நீ இங்க இருக்கப் போறியான்னு மட்டும் கேக்குது.

வரவேற்ற ஊர்கள் இல்லயான்னா இருக்கு, ஆனா அங்கயும் நேர்கோடு இல்ல. இத்தாலியோட தெற்குல ரியாச்சேன்னு ஒரு மலை கிராமம், இளசுங்க எல்லாம் வேலை தேடி போய் பாதி வீடு பூட்டி கெடந்துச்சு. 1998ல குர்து அகதிகள் வந்த படகு ஒண்ணு அந்த கடற்கரையில ஒதுங்குச்சு, தொமேனிக்கோ லுக்கானோங்கற ஊர்க்காரர் அவங்கள அந்த காலி வீடுங்கள்ல குடிவெக்கலாம்னு கிளம்பினார், அப்புறம் மேயரும் ஆனார். அகதிகள் வந்ததால ஸ்கூல் தப்பிச்சுது, பட்டறைங்க திறந்துச்சு, உலகமே வந்து பாத்துட்டு போச்சு. 2018ல அவர் மேல கேஸ், வீட்டுக்காவல், திட்டத்துக்கு வந்துட்டு இருந்த பணம் நின்னுது. 2019 உள்ளூர் தேர்தல்ல எதிர் தரப்பு மேயர் ஆனார். சரி ஊர் மனசு மாறிடுச்சுன்னு எல்லாரும் எழுதி முடிச்சாங்க, 2024ல அதே ஊர் லுக்கானோவையே திரும்ப மேயர் ஆக்குச்சு. இதுல எது ஊரோட உண்மையான மனசுன்னு கேட்டா, ரெண்டும்தான். பணம் வந்துட்டு இருந்தப்ப அகதிகளால ஊருக்கு என்ன கிடைக்குதுன்னு கண்ணுக்கு தெரிஞ்சுது, நின்னப்ப தெரியல.

அதே இத்தாலியிலதான் 1 யூரோவுக்கு வீடுன்னு வாட்ஸப்ல சுத்துற சமாச்சாரமும். சிசிலியில சம்பூக்காங்கற ஊர் 2019ல ஏலம் விட்டப்போ உலகம் பூரா இருந்து ஆளுங்க விசாரிச்சாங்க. 1 யூரோங்கறது ஏலத்தோட ஆரம்ப விலை, வாங்கினவங்க மூணு வருஷத்துக்குள்ள வீட்ட சரி பண்ணணும், டெபாசிட் கட்டணும். அயர்லாந்து தீவுல போய் குடியேறினா 84,000 யூரோ தர்றாங்கன்னு 2023ல பரவினதும் இப்படித்தான், அது காலியா கிடக்குற பழைய வீட்ட சரி பண்ற செலவுக்கான மானியம், குடிவர்றதுக்கு கூலி இல்ல. இந்த மாதிரி செய்திய படிச்சிட்டு வர்றவங்கள ஊர் எப்படி பாக்கும்னு யாரும் எழுதறதில்ல. அங்கயே இருந்து தாக்குப்பிடிச்சவங்களுக்கு எந்த திட்டமும் கிடையாது, புதுசா வர்றவங்களுக்கு சலுகை, மாலை, டிவி பேட்டி. இத்தன வருஷம் இருந்தவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கல இந்த அரசாங்கம்ங்கற அந்த புலம்பல் நியாயமானதுதான்.

அப்புறம் ஒரு களைப்பு இருக்கு, இதுதான் வெளிய அதிகமா தெரியாதது. புதுசா ஒரு குடும்பம் வருது, ஊர்ல நாலு பேர் முன்வந்து எல்லாத்தையும் சொல்லித் தர்றாங்க, எந்த மாசம் தண்ணி வத்தும், எந்த ரோடு மழைக்கு தாங்காது, யாருகிட்ட எத கேக்கணும், யாருகிட்ட கேக்கவே கூடாது. ரெண்டு வருஷத்துல அந்த குடும்பம் பசங்க படிப்புன்னு கிளம்பிடும். அடுத்த குடும்பம். திரும்ப முதல்ல இருந்து. நாலாவது குடும்பம் வரும்போது அந்த நாலு பேர்ல மூணு பேர் வாசலுக்கே வர மாட்டாங்க, அந்த நாலாவது குடும்பம் உண்மையிலயே கடைசி வரைக்கும் இருக்கணும்னு வந்திருக்கும், ஆனா முந்தின மூணு குடும்பத்தோட கணக்கு இவங்க தலையில விழும். வந்தவங்களுக்கு இது முதல் தடவ, ஊருக்கு இது எத்தனாவதோ தடவ, ரெண்டு பக்கமும் எதிர் எதிர்ல நிக்கிறது ஒரே நேரத்துல இல்ல.

ஜப்பான் அரசாங்கம் 2009ல ஆரம்பிச்ச வட்டார மேம்பாட்டு ஒத்துழைப்பு படைங்கற திட்டம் இந்த இடத்தத்தான் தொட பாக்குது. நகரத்துல இருந்து வர்றவங்களுக்கு ஒண்ணுல இருந்து மூணு வருஷத்துக்கு உள்ளாட்சி மூலமா சம்பளம், அதுக்கு பதிலா ஊர் வேலை, விவசாய உதவி, வயசானவங்களுக்கு ஒத்தாசை, உள்ளூர் பொருள விக்கிறதுன்னு ஏதாவது ஒண்ண எடுத்து செய்யணும். முதல் வருஷம் நூறு பேர் கூட இல்ல, இப்ப ஏழாயிரத்த தாண்டிருச்சு, காலம் முடிஞ்ச அப்புறமும் பத்துல ஆறு பேருக்கு மேல அதே வட்டாரத்துல தங்கிடுறாங்க. இதுல ஊர்க்காரங்களுக்கு பிடிச்சது என்னன்னா வர்றவங்க ஒரு வேலையோட வர்றாங்க, என்ன கேக்கலாம்னு தெரியும், பிடிக்கலன்னா மூணு வருஷத்துல ரெண்டு பக்கமும் மூஞ்சி சுளிக்காம பிரிஞ்சிக்கலாம். பிடிக்காததும் உண்டு, சில உள்ளாட்சிங்க வந்தவங்கள சும்மா எடுபிடி ஆக்கி வெச்சிருக்காங்கன்னு புகார் இருக்கு. மூணாவது வருஷம் முடியறப்ப சம்பளம் நின்னுரும், அப்புறம் அங்க சம்பாதிக்க வழி இருக்கா, வருஷம் முழுக்க வாடகைக்கு ஒரு வீடு கிடைக்குதாங்கறதுதான் ஆள் இருக்கறதா கிளம்பறதான்னு முடிவு பண்ணுது. காலியா எத்தன வீடு கெடந்தாலும் முன்பின் தெரியாத ஆளுக்கு வாடகைக்கு விட சொந்தக்காரங்க லேசுல சம்மதிக்க மாட்டாங்க, அதுக்கு ஊர்ல யாராவது ஒருத்தர் போய் இந்த ஆளுக்கு நான் பொறுப்புன்னு சொல்லணும்.